சதுர அடிக்கு 22 ரூபாய்

திருச்சி கே.கே.நகரில் 1994-இல் அப்பா கட்டிய வீடு எங்களுடையது. தரை முழுக்க மொசைக். மெஷின் விட்டுப் பாலிஷ் போட்ட அன்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனதாக அம்மா இன்னும் சொல்வார். முப்பது வருஷத்தை நெருங்கும் தரையில் ஹாலில் மூன்று விரிசல். ஒரு மூலை லேசாக உள்வாங்கியிருந்தது. சமையலறையில் எண்ணெய் இறங்கி நிறமே மாறிவிட்டது. டைல்ஸ் போட்டுவிடலாம் என்று 2022-இல் முடிவு செய்தோம். வீடு முழுக்க ஒரேயடியாகத் தொட வேண்டாம், முதலில் பின்பக்க பாத்ரூமை முடித்துப் பார்ப்போம் என்றேன்.

டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரிகள் மூன்று பேரிடம் கூலி ரேட் கேட்டேன். முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே, "அடிக்கு 22 ரூவா சார். தரை, சுவரு எல்லாம் ஒரே ரேட்டு" என்றார். இரண்டாமவர் தரைக்கு 28, சுவருக்கு 35. மூன்றாமவர் முசிறிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவர் மட்டும்தான் உள்ளே வந்து குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார். ஹாலுக்கு 38 என்றார். பாத்ரூமுக்கு ரேட்டே சொல்லவில்லை. "பாத்ரூமுக்கு அடிக் கணக்கு ஒத்துவராதுங்க. ரூமுக்கு மொத்தமா எட்டாயிரம் கொடுங்க. அடிக் கணக்குல பேசினா நான் அவசரப்படுவேன், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார்.

இதைக் கேட்டு எனக்கு உள்ளூரச் சிரிப்புதான் வந்தது. பாத்ரூம் ஏழடிக்கு நாலரை அடி. சுவரில் ஏழடி உயரம், கதவைக் கழித்தால் 143 சதுர அடி. தரை 32. மொத்தம் 175 அடி. 22 ரூபாய் என்றால் 3,850-இல் முடிகிற வேலைக்கு எட்டாயிரமா? முசிறி மேஸ்திரிக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு 22 ரூபாய்க்காரரை வரச்சொன்னேன்.

ரெண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். அதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது. சுவர் டைல்ஸ் 18 பெட்டி, தரைக்கு 4 பெட்டி, சிமெண்ட், மணல், கூலி எல்லாம் சேர்த்து 13,500 சொச்சம். மனைவியிடம் பேப்பரில் கணக்கு எழுதியே காட்டினேன். அவள் அந்தப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டாள். எட்டு மாதம் கழித்து அதைத் திரும்ப என் முன்னால் நீட்டப்போகிறாள் என்று அப்போது தெரியாது.

முதல் வாரமே ஒன்று கவனித்திருக்க வேண்டும். குளித்து முடித்தபின் தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வந்து நின்றது. தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, அதாவது வாட்டம், சரியாகக் கொடுக்கவில்லை, கொடுத்ததும் தலைகீழாக இருந்தது. துடைப்பத்தால் தள்ளிப் பழகிக்கொண்டோம். பிறகு பிளம்பர் டவல் கம்பி மாட்ட டிரில் வைத்தபோது டைலின் மூலை சில்லாகத் தெறித்தது. அங்கே பின்னால் கலவையே இல்லை, வெறும் கூடு. அடுத்த மழைக்குப் பிறகு, பாத்ரூமுக்கு மறுபக்கம் இருந்த படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி பெயிண்ட் உரிய ஆரம்பித்தது. 2023 பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் சுவரிலிருந்து ஒரு டைல் தானாகக் கழன்று பக்கெட்டில் விழுந்தது. நல்லவேளை, யாரும் உள்ளே இல்லை.

22 ரூபாய்க்காரர் போனை எடுக்கவில்லை. அவரை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. அந்த ரேட்டுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது எண்பது தொண்ணூறு அடி ஒட்டினால்தான் அவருக்கும் சித்தாளுக்கும் கூலி கட்டும். பாத்ரூமில் பாதி டைல் வெட்டு டைல். குழாய்க்கு ஓட்டை, மூலைக்குத் துண்டு, கதவோரத்துக்குப் பட்டை. ஹாலில் ஒரு முழு டைல் வைக்கிற நேரத்தில் இங்கே கால் டைல்கூட நகராது. பின்னே அவர் எங்கேதான் நேரத்தைப் பிடிப்பார்? டைலுக்குப் பின்னால் அஞ்சு இடத்தில் கலவையை அப்பி ஒட்டுவதில் பிடிப்பார். சுவர் டைல்ஸைத் தண்ணீரில் ஊறப்போடாமல் அப்படியே எடுத்து ஒட்டுவதில் பிடிப்பார். சுவருக்கு ஒட்டும் பீங்கான் டைல் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சக்கூடியது. சிமெண்ட் கலவையில் ஒட்டுவதானால் ஊறவைத்தே ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் கலவையில் இருக்கிற ஈரத்தை டைல் குடித்துவிடும், சிமெண்ட் பொடியாகிவிடும். விழுந்த டைலின் முதுகைத் தடவிப் பார்த்தேன், விரலில் மாவு மாதிரி வந்தது.

முசிறி மேஸ்திரியைத் திரும்பக் கூப்பிடக் கூச்சமாகத்தான் இருந்தது. வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான், "அன்னைக்கே உங்ககிட்ட விட்டிருக்கணும் தம்பி" என்றார். "விடுங்கம்மா, எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு, இடிக்கிறதற்கு ரெண்டு ஆள் தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

செலவு இப்படிப் போனது. இடிக்க ரெண்டு ஆள் ரெண்டு நாள், 3,200. குழாயைக் கழற்றி மாட்ட பிளம்பருக்கு 1,500. தண்ணீர் கசியாமல் இருக்கப் பூசுகிற பூச்சு, கூலியோடு 3,800. டைல்ஸ் மறுபடி 7,900. ஒட்டுகிற பசை 20 கிலோ மூட்டை ஐந்து, 2,400. டைல் இடைவெளியை அடைக்கிற எப்பாக்சி கிரௌட் 2,600. மேஸ்திரி கூலி அதே எட்டாயிரம், பழைய ரேட்டையே வாங்கிக்கொண்டார். ஆக 29,400. முதலில் போட்ட 13,500 தண்ணீரில் போனது. மனைவி அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதன் பின்பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதிக்கொண்டேன்.

எட்டாயிரத்துக்கு மேஸ்திரி எத்தனை நாள் எடுத்தார் என்றால் ஆறு நாள். பூச்சு இரண்டு கோட், மூலைகளில் சுவர்மேல் ஓரடிக்கு ஏற்றி அடித்தார். காய்ந்தபின் ஓட்டையைத் துணியால் அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி ஒரு முழு நாள் நிறுத்தி வைத்தார். மறுநாள் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பென்சில் கோடு போட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகே டைலைத் தொட்டார். ஏழு அடி நீளத்துக்கு ஒரு அங்குலம் வாட்டம். ஒட்டி முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரத்தில் ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓட்டையைத் தேடிப் போனது. இவ்வளவு சாதாரணமான விஷயத்தை ரசித்துப் பார்க்க வேண்டியிருந்தது என் தலையெழுத்து.

அப்புறம் ஹாலும் அறைகளும். இங்கே அடிக் கணக்குக்கு அவரே ஒத்துக்கொண்டார். ஹால் 192, ரெண்டு படுக்கையறை 132, 110, சமையலறை 90, நடை 48. ஆக 572 சதுர அடி. என் மனக்கணக்கு ரொம்ப எளிமையாக இருந்தது. டைல்ஸ் முப்பத்தாறாயிரம், கூலி 22 ரூபாய் வீதம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, ஐம்பதாயிரத்துக்குள் அடங்கிவிடும் என்று ஒரு வருஷத்துக்கு முன்பு எழுதி வைத்திருந்தேன். கடைசியில் ஆனது 80,100. இடையில் இருக்கிற முப்பதாயிரம் எங்கே போனது என்பதைத்தான் வீட்டில் டைல்ஸ் போட நினைக்கிற எல்லோரிடமும் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் டைல் அளவு. 572 அடித் தரைக்கு 572 அடி டைல் வாங்கினால் பத்தாது. சுவரோரம் ஓடுகிற நாலு அங்குல ஸ்கர்ட்டிங் எங்கள் வீட்டில் நீளக் கணக்கில் 180 ரன்னிங் அடி வந்தது, அதற்கே 60 சதுர அடி டைல் வேண்டும். அதன்மேல் வெட்டுச் சேதாரம். நேராக வரிசை வைத்தால் ஏழெட்டு சதவீதம் போதும், குறுக்குவாட்டில் வைரம் மாதிரி வைக்க ஆசைப்பட்டால் இன்னும் கூடும். ரெண்டுக்கு ரெண்டு அடி விட்ரிஃபைட் டைல் பெட்டிக்கு நாலு, அதாவது 1.44 சதுர மீட்டர், பதினைந்தரை அடி. 45 பெட்டி எடுத்தேன். அடி 52 ரூபாய் வீதம் 36,270. இதில் ஜிஎஸ்டி 18 சதவீதம் அடக்கம். பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்று ஒரு கடையில் சொன்னார்கள். பில் இல்லாத மிச்சப் பெட்டியை எந்தக் கடைக்காரர் திருப்பி எடுப்பார்? மேஸ்திரி கடைக்கு வந்தபோது பெட்டி ஒவ்வொன்றையும் புரட்டி, மேலே அச்சிட்டிருக்கிற பேட்ச் எண்ணைப் பார்த்தார். ஆறு பெட்டி வேறு எண். "குஜராத் மோர்பியிலேர்ந்து வர்றது எல்லாம் ஒரே கலர்னு சொல்வாங்க. வெளிச்சத்துல வச்சாத்தான் தெரியும்" என்று மாற்றச் சொல்லிவிட்டார். வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, ஒன்று பால் நிறம், ஒன்று மோர் நிறம்.

ஒரு பெட்டி இருபத்தெட்டு கிலோ போல இருக்கும். லோடு இறக்க பெட்டிக்கு 15 ரூபாய், 675. வண்டி வந்து நின்றபின் இதைப் பேசினால் ரேட் ஏறும். எங்கு இறக்க வேண்டும், மாடியா கீழா என்று கடையிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

பெரிய கேள்வி, பழைய மொசைக்கை உடைப்பதா, அதன்மேலேயே ஒட்டுவதா. உடைத்தால் தரை முழுக்கப் புதிதாகக் கான்கிரீட், குப்பை ஏற்ற நாலைந்து டிராக்டர், வீட்டில் இருக்கவே முடியாது. மேலேயே ஒட்டினால் தரை உயரும். டைல் கனமும் பசையும் சேர்த்து ஒன்றரை சென்டிமீட்டர். மேஸ்திரி கட்டைச் சுத்தியலால் வீடு முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். உள்வாங்கிய மூலையில் மட்டும் சத்தம் மாறியது. அந்த முப்பது அடியை மட்டும் உடைத்தார்கள். கீழே எலி வளை, மண் இறங்கிப் பள்ளம். மணல் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து, ஜல்லி கான்கிரீட் போட்டதும் ஒரு வாரம் வேலையை நிறுத்திவிட்டார். "இது ஆறாம மேல ஒட்டுனா மறுபடி விரிசல் வரும். அதுவரைக்கும் நான் துறையூர்ல ஒரு வேலை பாத்துட்டு வந்துடறேன்" என்றார். இடிக்க 1,600, டிராக்டர் 1,800, கான்கிரீட் 1,900.

கதவுகளை நான் யோசிக்கவே இல்லை. ஐந்து கதவையும் கழற்றி அடியில் இழைத்து மாட்டத் தச்சருக்கு 1,750. அம்மாவுக்கு வேறு கவலை, வாசக்கால் மூழ்கிவிடக் கூடாது என்று. நிலைப்படிக்கு முன்னால் ஒரு விரல் அளவு உயரம் மிச்சம் இருக்கும்படி மேஸ்திரி அளந்து காட்டிய பிறகே அவர் சரி என்றார். இதில் அம்மா சொன்னதற்கு வேறொரு பலனும் இருந்தது: மழைத் தண்ணீர் உள்ளே வராது.

மெழுகியது போன்ற மொசைக்கில் பசை பிடிக்காது. அதனால் சித்தாள் ரெண்டு நாள் உளியும் சுத்தியும் வைத்துத் தரை முழுக்கக் கொத்துப் போட்டார். அந்த ரெண்டு நாள் 38 ரூபாயில் அடக்கம் என்று முதலிலேயே பேசியிருந்தோம். பேசாமல் விட்டிருந்தால் தனியாகத்தான் கேட்டிருப்பார்கள், கேட்பதில் தப்பும் இல்லை. டைல்ஸ் ஒட்டுகிற ரேட் என்று ஒரு எண்ணைச் சொல்லும்போது அதற்குள் என்னென்ன இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கொத்துவது உண்டா, ஸ்கர்ட்டிங் தனியா, கிரௌட் அடிக்கிறது யார், கட்டிங் பிளேடு யாருடையது, படி ஓரத்துக்கு மோல்டிங் அடிக்கத் தனி ரேட்டா, ஜன்னலைக் கழித்து அளப்பதா கழிக்காமலா. எங்களுக்கு ஸ்கர்ட்டிங் தனி, ரன்னிங் அடி 20 வீதம் 3,600. தரைக் கூலி 21,736. இந்த ரெண்டும் சேர்த்துத்தான் மேஸ்திரிக்குப் போனது, 25,336. எண்பதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான் நாள் கணக்கில் பேரம் பேசியது இந்தப் பங்கைப் பற்றி மட்டும்தான்!

பசை 16 மூட்டை, 620 வீதம் 9,920. முதலில் இது ஏமாற்று வேலை என்றே நினைத்தேன். சிமெண்ட் பாதி விலையில் கிடைக்கும்போது இது எதற்கு? விட்ரிஃபைட் டைல் தண்ணீரை அரை சதவீதம்கூட உறிஞ்சாது. சிமெண்டுக்குப் பிடித்துக்கொள்ள அதில் இடமே இல்லை, அதுவும் கீழே பழைய தரை இருக்கும்போது. மூட்டையின் மேல் டைல் பசைக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 15477 என்று போட்டு டைப் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார் மேஸ்திரி. டைல்மேல் டைல் ஒட்டவும் சுவரில் ஒட்டவும் ஒரே வகை போதாது. பாத்ரூமுக்கு வாங்கியது விலை குறைந்த வகை, ஹாலுக்கு வாங்கியது பாலிமர் கூடிய வகை.

வேலை ஆரம்பித்த முதல் நாள் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வந்தவர் மதியச் சாப்பாடு வரைக்கும் ஒரு டைல்கூட ஒட்டவில்லை. நூல் கட்டினார். ஹாலின் மூலைவிட்டத்தை அளந்தார். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, அறை ஒரு பக்கம் ஒன்றேகால் அங்குலம் கோணல் என்றார். அப்பா ரொம்பப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த கொத்தனார் கட்டியது அது. பிறகு பசையில்லாமல் ரெண்டு வரிசை டைலை வெறுமனே பரப்பி, வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்து நடந்து பார்த்தார். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் முழு டைல், வெட்டுத் துண்டு எல்லாம் சோபாவுக்குப் பின்னால் போகும்படி நூலை நகர்த்தினார். அரை நாள் போச்சே என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "அடிக் கணக்கு சார். இந்த அரை நாளு என்னுது, உங்களுது இல்ல" என்று சிரித்தார்.

பல் வைத்த கரண்டியால் பசையைத் தரையில் கோடு கோடாக இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லப் பூசி, ரப்பர் சுத்தியலால் தட்டி வைப்பார். நாலாவது டைலை வைத்ததும் அதைப் பெயர்த்து எடுத்து எனக்குக் காட்டினார். முதுகு முழுக்கப் பசை, ஒரு ரூபாய் காசளவுகூட வெற்றிடம் இல்லை. "இப்படி ஒண்ணைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னு சொல்ற ஆளை வைக்காதீங்க" என்றார். மூட்டைக்கு அறுபது அடி வரும் என்று யாராவது சொன்னால் அங்கே கோடு மெலிகிறது என்று அர்த்தமாம். எங்களுக்கு மூட்டைக்கு நாற்பதுகூட வரவில்லை, பழைய தரையின் மேடு பள்ளத்தால்.

டைல்களுக்கு நடுவே இடைவெளி விட வைக்கிற ஸ்பேசர் விஷயத்தில் அம்மாவுக்கும் அவருக்கும் ஒரு சின்ன யுத்தம். இடைவெளி விட்டால் அழுக்கு சேரும், ஒட்ட ஒட்ட வை என்றார் அம்மா. பக்கத்துத் தெருவில் போன சித்திரையில் நடு ஹாலில் டைல்ஸ் கூடாரம் மாதிரி எழும்பி வெடித்த கதையை மேஸ்திரி எடுத்துவிட்டார். வெயிலில் டைலும் தரையும் விரியும், போக இடம் வேண்டும் என்றார். கடைசியில் மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர், டைல் நிறத்திலேயே கிரௌட் என்று சமாதானம் ஆனது. சுவரோரத்திலும் சுண்டுவிரல் பாதி அளவு விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைத்தார். கிரௌட், ஸ்பேசர் ரெண்டும் சேர்த்து 850 ரூபாய்தான்.

பணம் கொடுத்த விதத்தில் இந்த முறை நான் சரியாக இருந்தேன். அட்வான்ஸ் ஐந்தாயிரம், சனிக்கிழமைதோறும் முடிந்த அடிக்கு ஏற்ப, கடைசி நாலாயிரம் தட்டிப் பார்த்த பிறகு. அதையும் அவரேதான் சொன்னார். கிரௌட் காய்ந்த மூன்றாம் நாள் நானும் அம்மாவும் ஆளுக்கொரு சாவியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தட்டினோம். படுக்கையறைக் கதவோரத்தில் ஒன்று, நடையில் ஒன்று, சத்தம் மாறியது. சொன்னதும் வந்து ரெண்டையும் பெயர்த்து வேறு ஒட்டிக்கொடுத்துவிட்டு நாலாயிரத்தை வாங்கிக்கொண்டார். மிச்சமான ஒரு பெட்டியை மாடிப்படிக்கு அடியில் வைக்கச் சொன்னார். விற்றுவிடாதீர்கள், இதே பேட்ச் இனி வராது என்றார்.

இன்னும் போர்டிகோ பாக்கி இருக்கிறது. கேட்டபோது அடிக்கு 42 என்றார். வழுக்காத டைல்ஸ் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறேன் என்றேன். தான் வந்து தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்க்கும்வரை வாங்கக் கூடாதாம். தை பிறந்து வருகிறேன் என்றிருக்கிறார்.